குக்கிராமத்துக்கும் ஒரு சபை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஊரக உள்ளாட்சித் தேர்தல் எப்போது நடக்கும், யார் யாருக்கு எந்த இடம் ஒதுக்கப்படும் என்று உங்கள் நாளிதழில் அடிக்கடி செய்தி வருகிறது. நல்லதுதான். ஆனால் அந்தச் செய்திகளைப் படிக்கிறவர்களுக்கு ஊராட்சி என்றால் ஒரே ஊர் என்று தோன்றிவிடும். தமிழ்நாட்டில் சுமார் 12,500 கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. அவற்றுக்குள் அடங்கிய குக்கிராமங்கள் 79,000-க்கும் மேல். சராசரியாகப் பார்த்தால் ஓர் ஊராட்சிக்கு ஆறு ஊர் வருகிறது. ஆனால் தலைவர் ஒருவர், செயலர் ஒருவர், அலுவலகக் கட்டடம் ஒன்று, கிராம சபையும் ஒன்று. அலுவலகம் இருக்கும் ஊர் தாய்க் கிராமம். மற்ற ஐந்து ஊர்களைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

நான் பிறந்தது திருவண்ணாமலை மாவட்டத்தில் அப்படியொரு குக்கிராமத்தில். தொலைபேசித் துறையில் வேலை கிடைத்துச் சென்னைக்கு வந்தவள், ஓய்வு பெற்று இப்போது மடிப்பாக்கத்தில் இருக்கிறேன். தம்பி குடும்பம் ஊரிலேயே விவசாயம் பார்க்கிறது. ஊர்ப் பெயரை எழுதவில்லை. எழுதினால் அங்கே இருக்கிற யாரோ ஒருவரைக் குறை சொன்னதாக ஆகிவிடும். எனக்கு ஆட்கள்மேல் கோபம் இல்லை, ஏற்பாட்டின்மேல்தான். நூற்றுச் சொச்சம் வீடுகள், ஒரு மாரியம்மன் கோயில், ஒரு தொடக்கப் பள்ளி, ஒரு மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி, இவ்வளவுதான் எங்கள் ஊர். ஏரிக்கு அந்தப் பக்கம் தாய்க் கிராமம். கரைமேல் நடந்தால் சீக்கிரம் போய்விடலாம். ஏரி நிரம்பிக் கலங்கல் வழிய ஆரம்பித்துவிட்டால் அந்த வழி கிடையாது, பெரிய சாலைக்குப் போய்ச் சுற்றித்தான் வரவேண்டும்.

இந்த ஊரை ஆள்வது யார் என்று வெளியூர்க்காரர் கேட்டால் பதில் சொல்லவே நேரமாகும். வீட்டு வரியும் குடிநீர்க் கட்டணமும் ஊராட்சிக்குக் கட்டுகிறோம். பட்டா, சிட்டா, அடங்கல் என்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் போகவேண்டும். ஆனால் எங்கள் நிலங்கள் இருக்கும் வருவாய்க் கிராமத்தின் பெயர் வேறு, ஊராட்சியின் பெயர் வேறு. ரேஷன் கடை மூன்றாவதாக ஓர் ஊரில் இருக்கிறது. ஏரி நூறு ஏக்கருக்குமேல் பாயும் ஏரி என்பதால் நீர்வளத் துறையின் கையில். சின்ன ஏரியாக இருந்திருந்தால் ஊராட்சி ஒன்றியத்திடம் இருந்திருக்கும். தெருவில் போட்ட சிமெண்ட் சாலை ஊராட்சியுடையது, ஊருக்குள் வரும் தார்ச் சாலை ஒன்றியத்துடையது, அது போய்ச் சேரும் சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது. ஒவ்வோர் அலுவலகத்துக்கும் எங்கள் ஊரின் ஏதோ ஒரு துண்டு தெரியும். முழு ஊராக எங்களைத் தெரிந்த அலுவலகம் இல்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்கூட வருவாய்க் கிராமத்துக்குத்தான் எண்ணிக்கை வெளியாகும். எங்கள் ஊரில் எத்தனை பேர் என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

இதெல்லாம் காகித விஷயம் என்று விட்டுவிடலாம். தண்ணீரை அப்படி விட முடியவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடையில் எங்கள் பழைய போர் (ஆழ்துளைக் கிணறு) வற்றிப்போனது. புதிய போர் போட ஊராட்சியில் தீர்மானம் வந்தது. சந்தோஷம்தான். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் புறம்போக்கில் போட்டால் நல்ல தண்ணீர் வரும் என்பது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில்தான் தலைமுறை தலைமுறையாகப் பருப்பு வேகவைத்தார்கள். போட்டது அங்கே இல்லை. ஏரியின் கீழ்ப்புறம், ஏற்கெனவே மின்கம்பம் நிற்கும் இடத்தில். கம்பம் நட்டு இழுக்கும் செலவு மிச்சம் என்று கணக்குப் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கணக்கிலும் தப்பில்லை, பணம் இருந்தால்தானே இழுக்க முடியும். ஆனால் அந்தப் பக்கத்துத் தண்ணீர் உப்பு. எந்தப் பாட்டியைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார். கேட்கத்தான் ஆள் வரவில்லை. இப்போது தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கிறது, குழாயிலும் வருகிறது. மாட்டுக்கும் துணி துவைக்கவும் பயன்படுகிறது. குடிக்கப் பெண்கள் பழையபடி வயல் கிணற்றுக்குப் போகிறார்கள். அரசுக் கணக்கில் எங்கள் ஊர் குடிநீர் வசதி பெற்ற குடியிருப்பு.

அந்த நேரத்தில் என் தம்பி மனைவிதான் எங்கள் வார்டு உறுப்பினர். பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-ல் சட்டம் திருத்தினார்களே, அதற்குப் பிறகு 2019 டிசம்பரில் நடந்த முதல் தேர்தலில் நின்று ஜெயித்தவள். பத்தாம் வகுப்பு வரை படித்தவள், கூட்டத்தில் பேசவும் கூச்சப்படமாட்டாள். இடத்தை மாற்றச் சொல்லிக் கூட்டத்தில் கேட்டிருக்கிறாள். "நான் சொன்னதை நோட்டுல எழுதிக்கிட்டாங்க அண்ணி, ஆனா தீர்மானம் ஏற்கெனவே எழுதி வச்சிருந்தது" என்று போனில் சொன்னாள். ஒன்பது உறுப்பினர்களில் ஐந்து பேர் தாய்க் கிராமம். காசோலையில் கையெழுத்துப் போடுகிறவர்கள் தலைவரும் துணைத் தலைவரும். இரண்டு பேரும் அதே ஊர். அவர்கள் யாரும் கெட்டவர்கள் என்று சொல்லமாட்டேன். அவரவர் தெருவில் நிற்கிறவர்கள் கேட்பதை அவரவர் செய்கிறார்கள். ஏரிக்கு இந்தப் பக்கம் நிற்பவர்கள் கேட்பது அவர்கள் காதுக்குப் போய்ச் சேர வழி இல்லை.

வழி இல்லையா, கிராம சபை இருக்கிறதே என்பீர்கள். அதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். முன்பு ஆண்டுக்கு நான்கு முறை கூடியது. 2022-ல் உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22, உள்ளாட்சி தினமான நவம்பர் 1 இரண்டையும் சேர்த்து ஆறாக்கினார்கள். கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தபட்ச வருகை எவ்வளவு என்று அரசு வகுத்திருக்கிறது: 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்குமேல் 300 பேர். எங்கள் ஊராட்சிக்கு 200 பேர் வேண்டும். அந்த 200 பேரும் கூட்டம் நடக்கும் தாய்க் கிராமத்துப் பள்ளிக்கூடத்தைச் சுற்றியிருக்கும் நான்கு தெருக்களிலிருந்தே வந்துவிடலாம். எங்கள் ஊரிலிருந்து ஒருவர்கூட வராவிட்டாலும் கூட்டம் செல்லும், தீர்மானம் செல்லும், பயனாளிகள் பட்டியலும் செல்லும். விதியில் குறைவாக எதுவுமே நடந்திருக்காது.

சுழற்சி முறையில் வெவ்வேறு இடங்களில் நடத்தவேண்டும் என்று விதி இருக்கிறது. எங்கள் ஊரிலும் நடந்திருக்கிறது, ஒரு குடியரசு தினத்தன்று. அன்றைக்குக் கூட்டம் எப்படி இருந்தது என்று தம்பி இன்றும் சொல்வான். சமையலை முடித்துவிட்டுப் பெண்கள் வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். சுடுகாட்டுப் பாதையில் யாருடைய வேலி எவ்வளவு நீண்டிருக்கிறது என்று அளந்து காட்டாத குறையாகச் சொன்னார்கள். எந்தக் கம்பத்தில் விளக்கு எரியவில்லை என்று கையை நீட்டிக் காட்டினார்கள், அதிகாரி எழுந்து போய்ப் பார்த்தார். அந்த வாரமே பல்பு மாறியது. அப்புறம் எல்லாக் கூட்டமும் பழைய இடத்துக்கே போய்விட்டது. நாற்காலி, மைக், சாமியானா எல்லாம் அங்கே இருக்கிறது என்று காரணம் சொல்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், பணம் செலவழிக்கும்போது அரசுக்குக் குக்கிராமம் நன்றாகவே தெரிகிறது. 2006-ல் வந்த அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஓர் ஊராட்சிக்கு 20 லட்சம் என்று ஒரே அளவாகக் கொடுத்தார்கள். இரண்டு குக்கிராமம் உள்ள ஊராட்சிக்கும் இருபது குக்கிராமம் உள்ள ஊராட்சிக்கும் அதே தொகை. தீபாவளிக்கு வீட்டுக்கு ஒரே ஒரு பட்டாசுப் பெட்டி கொடுப்பதுபோல. ஒற்றைப் பிள்ளை உள்ள வீட்டுக்கு அது போதும், ஆறு பிள்ளைகள் உள்ள வீட்டில் கடைசிப் பிள்ளைக்கு மத்தாப்புக் குச்சிதான் மிஞ்சும். 2011-ல் ஆட்சி மாறி, குக்கிராம மேம்பாட்டுக்கான ‘தாய்’ என்ற திட்டம் வந்தபோது இந்தக் குறையைப் புரிந்துகொண்டு, குக்கிராமத்தையே அலகாக வைத்தார்கள். குடிநீர், தெருவிளக்கு, சாலை, மயானம், மயானத்துக்குப் பாதை இவையெல்லாம் ஒவ்வொரு குடியிருப்புக்கும் வேண்டும் என்று கணக்கெடுத்துப் பணம் ஒதுக்கினார்கள். எங்கள் ஊர் சிமெண்ட் சாலை அப்போது வந்ததுதான். 2021-ல் அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின் இரண்டாம் பகுதி வந்தது. எந்தக் கட்சி எதைக் கொண்டுவந்தது என்பது எனக்கு முக்கியமில்லை. செலவுக்கு அலகாகத் தெரிகிற ஊர், எங்கே போர் போடுவது என்று கேட்கும்போது ஏன் காணாமல் போகிறது என்பதுதான் என் கேள்வி.

நான் இப்போது இருக்கும் மடிப்பாக்கமும் 2011 வரை கிராம ஊராட்சிதான். அந்த ஆண்டு மாநகராட்சி விரிந்தபோது சேர்க்கப்பட்ட 25 ஊராட்சிகளில் இதுவும் ஒன்று. நகரத்தில் வார்டு பெரியது, கவுன்சிலரைப் பார்ப்பது கடினம் என்று சொல்லித்தான் 2022-ல் பகுதி சபை என்று கொண்டுவந்தார்கள். ஒரு வார்டைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் தனியாகக் கூட்டம். எங்கள் பகுதி சபைக்கு நான் நடந்தே போய்வந்தேன். மழைநீர் வடிகாலைப் பற்றி நான்கு தெருக்காரர்கள் பேசினோம், எழுதிக்கொண்டார்கள். எல்லாம் நடந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனாலும் பேசியது பேச்சாகப் பதிவாகியிருக்கிறது. பேருந்தும் ரயிலும் ஆட்டோவும் உள்ள சென்னைவாசிக்கு வீட்டுக்குப் பக்கத்திலேயே சபை. கலங்கல் வழிந்தால் வழியே இல்லாத ஊருக்கு ஏரி தாண்டிச் சபை. இதற்கு என்ன நியாயம் என்று யாராவது விளக்கினால் தேவலை.

பக்கத்து மாநிலங்களைப் பாருங்கள். கேரளத்தில் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படியே ஒவ்வொரு வார்டுக்கும் தனிக் கிராம சபை. வார்டு உறுப்பினர்தான் அதைக் கூட்டுகிறவர். கர்நாடகத்தில் 2015-ல் சட்டத்தைத் திருத்தி, குடியிருப்புக்கு ஒரு சபை, அதற்குமேல் வார்டு சபை, அதற்குமேல் கிராம சபை என்று மூன்று படி வைத்தார்கள். அங்கே எல்லா ஊரிலும் ஒழுங்காகக் கூடுகிறதா என்பது வேறு விஷயம். சட்டத்தில் இடம் இருந்தால் கேட்டு வாங்கவாவது முடியும். பழங்குடிப் பகுதிகளுக்கான 1996-ஆம் ஆண்டு ஊராட்சி விரிவாக்கச் சட்டம், குக்கிராமத்தையே கிராமமாகக் கொள்ளலாம், ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு கிராம சபை உண்டு என்கிறது. அது அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணைப் பகுதிகளுக்கு மட்டும். தமிழ்நாட்டில் அப்படி அறிவிக்கப்பட்ட பகுதி கிடையாது என்பதால் நம் ஜவ்வாது மலைக்கும் கல்வராயன் மலைக்கும்கூட அது இல்லை.

இந்த இடத்தில் யாராவது உத்திரமேரூர்க் கல்வெட்டை எடுத்துக்கொண்டு வருவார்கள். பராந்தக சோழன் காலத்துக் குடவோலை முறை, ஆயிரம் ஆண்டுக்கு முன்பே நம்மிடம் ஜனநாயகம் என்று. பெருமைப்படலாம், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது ஒரு பிரமதேயத்துச் சபை, அதாவது பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊரின் சபை. நிலமும் வீடும் வேதப் படிப்பும் உள்ளவர்கள் பெயரைத்தான் ஓலையில் எழுதினார்கள். குடத்துக்குள் பெயர் போகாதவர்கள் அன்றும் இருந்தார்கள்.

எதிர்வாதம் ஒன்று இருக்கிறது, அதில் உண்மையும் இருக்கிறது. ஒன்றிய அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற உறவினர் ஒருவர் சொன்னார்: "குக்கிராமத்துக்குச் சபை வைத்தால் அது ஊர்ப் பஞ்சாயத்தாகிவிடும்மா. ஒரே சாதி ஊர்கள்தானே பாதிக்குமேல். நாட்டாண்மை வைத்ததுதான் சட்டமாகும்." பயப்படவேண்டிய விஷயம்தான். எங்கள் ஊரிலும் கோயில் திண்ணையில் ஊர்க்கூட்டம் நடக்கிறது. அதில் பெண்கள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள், அந்தக் கூட்டம் இன்றைக்கு நடந்துகொண்டுதான் இருக்கிறது. சட்டப்படியான சபை இல்லாத இடத்தில் அதுவே சபையாகிவிட்டது. தேதி அறிவித்து, அதிகாரி ஒருவர் உட்கார்ந்து, வருகையில் பெண்கள் இவ்வளவு பேராவது வேண்டும் என்று விதித்து, பேசியதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதும் ஒரு சபை பக்கத்தில் வந்தால் திண்ணைக் கூட்டத்தின் செல்வாக்குக் குறையுமா கூடுமா?

தவிர, சாதி ஆதிக்கம் குக்கிராமத்தில் மட்டுமா இருக்கிறது? பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்காட்சியேந்தல் ஊராட்சிகளில் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட பிறகு தேர்தல் முறையாக நடந்து முடிய 1996-லிருந்து 2006 வரை ஆனது. அது ஊராட்சி மட்டத்தில் நடந்த கதை. பல ஊராட்சிகளில் தலித் குடியிருப்புதான் தனிக் குக்கிராமமாக இருக்கிறது. தாய்க் கிராமத்தில் நடக்கும் கூட்டத்துக்குப் போய் நடுவில் உட்கார்ந்து பேச அவர்களால் முடியுமா என்பதையும் கேட்கவேண்டும். வேங்கைவயல் என்ற குக்கிராமத்தின் பெயர் 2022 டிசம்பருக்கு முன் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்த பிறகுதானே தெரிந்தது.

இப்போதைய நிலைமை இன்னும் மோசம். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்தது. அதற்குப் பிறகு தனி அலுவலர் ஆட்சி. ஐந்தாண்டு முடிவதற்குள் தேர்தல் நடத்தவேண்டும் என்று அரசியல் சட்டம் சொல்கிறது, நாமும் அதைப் பழக்கமாக மீறுகிறோம். 2016-லும் இப்படித்தான், மூன்று ஆண்டுக்குமேல் தனி அலுவலர்கள் இருந்தார்கள். ஓர் ஒன்றியத்துக்குச் சராசரியாக முப்பதுக்கு மேற்பட்ட ஊராட்சிகள். அத்தனைக்கும் வட்டார வளர்ச்சி அலுவலர் பொறுப்பு என்றால், நூற்றுக்கணக்கான குக்கிராமங்கள் ஒரே மேசையில். அவர் எத்தனை நல்லவராக இருந்தாலும் எங்கள் ஊர் தெருவிளக்கு அவர் முறை வரும்போதுதான் எரியும். முன்பு என் தம்பி மனைவியிடமாவது வாசலில் நின்று கேட்டார்கள். இப்போதும் கேட்கிறார்கள், அவளும் பழக்கத்தில் செயலருக்குப் போன் போடுகிறாள். அவர் எடுக்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை.

மாநகராட்சி, நகராட்சிகளோடு ஊராட்சிகளை இணைக்கும் விஷயத்திலும் இதே சிக்கல்தான். 2025 தொடக்கத்தில் பல மாவட்டங்களில் மக்கள் ஆட்சியர் அலுவலகத்துக்கு வந்து, நூறு நாள் வேலை போய்விடும், வரி ஏறிவிடும் என்று மனுக் கொடுத்தார்கள். தாய்க் கிராமம் நகரத்தை ஒட்டி இருக்கும், அங்கே மனை விலை ஏறும், இணைப்பு வேண்டும் என்று நினைக்கலாம். அதே ஊராட்சியின் கடைசிக் குக்கிராமம் நெல் வயலுக்கு நடுவில் இருக்கும். ஊராட்சி முழுவதும் ஒரே பொட்டலமாகத்தான் போகிறது. எங்களுக்கு வேண்டாம் என்று அந்த ஊர் மட்டும் தனியாகச் சொல்லத் தீர்மானப் புத்தகம் கிடையாது.

புதுச் சட்டம் வர நாளாகும் என்பது தெரியும். அதுவரைக்கும் அரசாணை ஒன்று போதும் என்று நினைக்கிறேன். கிராம சபைக்கு முந்தின வாரம் ஒவ்வொரு குக்கிராமத்திலும் ஒரு மாலை நேரம் கூட்டம், வார்டு உறுப்பினரோ அவர் இல்லாத இப்போது செயலரோ உட்கார்ந்து எழுதட்டும். அந்தக் கூட்டத்தின் பதிவு கிராம சபையில் வாசிக்கப்படவேண்டும். ஒரு குக்கிராமத்தில் போர், தொட்டி, மயானப் பாதை என்று எது அமைப்பதானாலும் இடத் தேர்வுக்கு அந்த ஊர்ப் பதிவு இணைக்கப்பட்டிருக்கவேண்டும். குறைந்தபட்ச வருகையை மொத்தமாக 200 என்று மட்டும் எண்ணாமல் ஊர்வாரியாகவும் எண்ணவேண்டும். நாற்காலி, மைக் எதுவும் வேண்டாம், பள்ளிக்கூடத் தாழ்வாரமும் ஒரு நோட்டும் போதும்.

உங்கள் நிருபர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கிராம சபை நாளில் அமைச்சரோ ஆட்சியரோ கலந்துகொண்ட கூட்டத்தின் படம் மறுநாள் வருகிறது. அடுத்த முறை அந்தப் படத்துக்குக் கீழே, கூட்டம் எந்த ஊரில் நடந்தது, அந்த ஊராட்சியில் மொத்தம் எத்தனை குக்கிராமங்கள், அவற்றில் எத்தனையிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள் என்று கேட்டு ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். முதல் ஆண்டு பதில் சொல்லத் திணறுவார்கள். அதையும் அப்படியே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
மடிப்பாக்கம், சென்னை